மளிகைக் கடையும் உணவுச் சோதனையும்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேறு மாநிலத்தில் குடியேறும் தமிழர், வீடு அமர்ந்த மறுநாளே இரண்டு செய்திகளை விசாரிக்கிறார்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது ஒன்று. புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாகவே மும்பையில் மாட்டுங்காவிலும் தாராவியிலும், டில்லியில் கரோல்பாகிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் நம்மவரின் சிறிய மளிகைக் கடைகள் தோன்றின. அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் பெருங்காயமும் மணக்கும் அக்கடைகள், வெறும் வியாபார நிலையங்களாக மட்டும் இருந்ததில்லை. வாடகைக்கு வீடு தேடுபவரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுபவரும், ஊருக்குப் போகும் ஆளிடம் கடிதம் கொடுத்தனுப்ப விரும்புபவரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

நாங்கள் அத்தகைய கடையொன்றை மாட்டுங்காவில் நடத்தி வருகிறோம். எங்கள் தந்தையார் தொடங்கிய கடை. அவருக்குப் பின் சகோதரர் இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். உணவுப் பொருள் விற்கும் சிறு கடைகளுக்கு அரசாங்கம் விதித்துள்ள பதிவையும், அதிகாரிகள் நடத்தும் சோதனையையும் குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். சட்டம் பயின்றவர்கள் அல்லோம். தராசுக்குப் பின்னால் நின்று கற்றதையே சொல்லப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகல், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். உள்ளபடியே சொல்லுகிறோம்: எங்களுக்கு உடல் வியர்த்துவிட்டது. பொருளில் குற்றம் இருக்குமோ என்ற அச்சம் எங்களுக்கு இல்லை. வேற்று மாநிலத்தில், வேற்று மொழி பேசும் அதிகாரியின் முன்னால் என்ன சொல்லுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரியாத அச்சமே அது. பக்கத்துக் கடைக்காரர் எங்கள் காதருகே வந்து, "ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்று மெல்லச் சொன்னார். இந்த யோசனையைக் கேளாத கடைக்காரர் இந்நாட்டில் அரியர். நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்கள் நேர்மையை மெச்சிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அதிகாரியின் முகத்தைக் கண்டபோது அதற்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

அவர் முதலில் சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைப் பார்த்தார். அதிலுள்ள பதினான்கு இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து, மூட்டைகளின் அடியில் பார்த்தார். அரிசி மூட்டைகள் வெறுந்தரையில், ஈரச் சுவரை ஒட்டிக் கிடந்தன. மூலையில் எலிப் புழுக்கை இருந்தது. பூச்சி உருண்டையும் ஊதுபத்தியும் பினாயிலும் வைத்திருந்த அலமாரித் தட்டிலேயே ரவைப் பொட்டலங்களும் இருந்தன. பெரிய தகரத்திலிருந்து நல்லெண்ணெயை வாடிக்கையாளர் கொண்டுவரும் புட்டிகளில் ஊற்றிக் கொடுப்பது எங்கள் தந்தையார் காலத்து வழக்கம். அந்தத் தகரமும் குவளையும் அவர் கண்ணில் பட்டன. சாம்பார்ப்பொடியை டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி நிறுத்துக் கொடுத்ததையும் அவர் கண்டார். கடைசியாக, பெயரோ விலாசமோ இன்றி, வெறும் பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருந்த அப்பளக் கட்டுகளை எடுத்துப் பார்த்தார்.

"இவற்றைச் செய்தவர் யார்?" என்று இந்தியில் கேட்டார்.

"எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் செய்கிறார். பத்து வருஷமாக வாங்குகிறோம். ஒரு குறை வந்ததில்லை" என்றோம்.

"உங்களுக்கு அவரைத் தெரியும். இதை வாங்கித் தின்பவருக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்று விடை இல்லை. இன்றைய பேச்சு முழுவதும் அக்கேள்விக்குரிய விடையே என்று நேயர்கள் கொள்ளலாம்.

சிறு கடைக்காரரிடம் அரசாங்கம் இத்தனை கெடுபிடி செய்வது ஏன் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. இதற்குக் காரணம் நாட்டின் அனுபவத்திலேயே இருக்கிறது. நாடு சுதந்திரம் அடைந்தபின், 1954-ஆம் ஆண்டில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1955 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருந்தும் கேடு ஒழிந்தபாடில்லை. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து விற்கப்பட்டது. அதை உண்டவர்களின் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறிற்று, இதயம் தளர்ந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வெண்ணெயைச் சில்லறையில் விற்ற கடைக்காரர்களில் எத்தனை பேர் அதில் நஞ்சு கலந்திருப்பதை அறிந்திருப்பார்கள்? நம்மைப் போலவே, பழகிய இடத்திலிருந்து வாங்கி, பழகிய வீடுகளுக்கு விற்றவர்களும் அவர்களிடையே இருந்திருக்கக்கூடும். பழக்கம் எவரையும் காப்பாற்றவில்லை.

பின்னர்ப் பல்வேறு சட்டங்களையும் ஆணைகளையும் ஒன்றாகத் திரட்டி, 2006-ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் உரிம விதிகள் 2011 ஆகஸ்டு 5-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் நோக்கம் கலப்படக்காரரைப் பிடித்துத் தண்டிப்பது. புதிய சட்டமோ பொருள் கெடாமல் இருப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யச் சொல்லுகிறது. மூட்டையின் அடியில் அலுவலர் குனிந்து பார்ப்பது இதனால்தான்.

இனிப் பதிவைப் பற்றிச் சில சொற்கள். உணவு வியாபாரம் செய்வோர் யாவரும் உரிமமோ பதிவோ பெற்றிருத்தல் வேண்டும். பெரிய வியாபாரிக்கு உரிமம். சிறிய வியாபாரிக்குப் பதிவு. சிறு சில்லறைக் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், தலைச்சுமையாக விற்பவர் ஆகியோருக்கு உரிமம் வேண்டுவதில்லை. பதிவு செய்துகொண்டால் போதும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. 2011-இல் விதிகள் வகுத்தபோது, ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரைச் சிறு வியாபாரி எனக் கொண்டு, பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இத்தகைய வரம்புகளும் கட்டணங்களும் காலவரையறைகளும் அவ்வப்போது திருத்தப்படுவன. ஆதலின் விண்ணப்பம் செய்யும் நாளில் எது நடைமுறையில் உள்ளது என்பதை அரசாங்கத்தின் 'ஃபாஸ்காஸ்' என்னும் இணையத் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நலம். விண்ணப்பமும் அதன் வாயிலாகவே செய்யப்படுகிறது. கட்டணத்தையும் அதிலேயே செலுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளி மாநிலத்தில் மொழி தெரியாதவர் என்று கண்டால், இடைத்தரகர் ஒருவர் எப்படியோ வந்து சேருவார். உரிய கட்டணத்துக்குப் பன்மடங்கு வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரில் தம்முடைய தொலைபேசி எண்ணைப் பதிந்துவிட்டுப் போவார். பிறகு அரசாங்கத்திலிருந்து வரும் ஒவ்வோர் அறிவிப்பும் அவருக்கே போகும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அரசாங்கத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்களும் உண்டு. வீட்டில் பள்ளியிறுதி படித்த பிள்ளை இருந்தால் போதும். பதிவு விண்ணப்பத்தை நீங்களே செய்துவிடலாம். புகைப்படம், அடையாளச் சான்று, கடையின் விலாசம், செய்யும் வியாபாரத்தின் வகை ஆகியவையே முக்கியமாக வேண்டுவன.

வியாபாரத்தின் வகை என்று சொன்னோம். இதில் நம்மவர் பலர் தவறுகிறார்கள். வாங்கி விற்பது ஒரு வகை. செய்து விற்பது மற்றொரு வகை. கடையின் பின்கட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்பவர், சட்டத்தின் கண்ணில் வெறும் மளிகைக் கடைக்காரர் அல்லர். உணவு தயாரிப்பவரும் ஆவார். அந்த வகையையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். அரைக்கும் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதா, அரைப்பவரின் கை சுத்தமாயிருக்கிறதா, மாவு குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறதா என்றெல்லாம் அப்போது கேட்பார்கள். கேட்பது நியாயந்தானே? மாவு உயிருள்ள பொருள். சென்னையில் ஒரு பொழுதில் புளிப்பது, டில்லியின் மே மாத வெயிலில் அரைப்பொழுதில் புளித்துவிடும்.

பதிவு, கடை இருக்கும் இடத்துக்குரியது. கடைக்காரரின் ஊருக்குரியது அன்று. திருநெல்வேலியிலே பெற்ற பதிவு தாராவிக் கடைக்குச் செல்லாது. ஒருவருக்கு இரண்டு கடைகள் இருந்தால் இரண்டு பதிவுகள் வேண்டும். பெற்ற சான்றிதழை வாடிக்கையாளர் காணும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, கொடுக்கும் விற்பனைச் சீட்டிலும் அந்தப் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது.

விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு விதிகள் இதற்கும் காலம் வகுத்தன. பதிவுக்கான விண்ணப்பம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அதிகாரி பதிவைத் தரவேண்டும். அல்லது காரணங்காட்டி மறுக்கவேண்டும். அல்லது கடையைப் பார்வையிடப் போவதாக அறிவிக்கவேண்டும். பார்வையிடுவதானால் முப்பது நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அவ்வாறு ஒன்றும் சொல்லாவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கலாம் என்பது அவ்விதி. விண்ணப்பதாரர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் மறுக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. சட்டம் கடைக்காரருக்குக் கடமையை மட்டும் வைக்கவில்லை. உரிமையையும் வைத்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

சோதனையின்போதும் இவ்வாறே. அலுவலர் கடைக்குள் வரலாம், பார்வையிடலாம், மாதிரி எடுக்கலாம், ஐயத்துக்கிடமான பொருளைக் கைப்பற்றலாம். ஆனால், மாதிரி எடுக்கும்போது எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். பொதுமக்களுக்கு என்ன விலையோ அந்த விலையை அவர் கொடுத்துவிட வேண்டும். சாட்சியாக ஒருவரையேனும் அழைத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். எடுத்த மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரண்டு பங்குகள் நியமன அலுவலரின் காவலில் இருக்கும். நான்காவது பங்கைத் தரச்சான்று பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பும்படி கடைக்காரர் கேட்கலாம். அதன் செலவு அவருடையது. பகுப்பாய்வு அறிக்கை நமக்கு மாறாக வந்தால், அது கைக்குக் கிடைத்த முப்பது நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். நியாயமான காரணமின்றித் தொல்லை செய்யும் நோக்கத்தோடு பொருளைக் கைப்பற்றும் அலுவலருக்கும் 39-ஆம் பிரிவு தண்டம் விதிக்கிறது.

இவையெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. அலுவலர் துவரம்பருப்பில் மாதிரி எடுத்தார். விலையைக் கொடுத்தார். "இதற்கெல்லாம் பணம் வேண்டாம் ஐயா" என்று நாங்கள் பணிவாக மறுத்தோம். அவர் சற்றே கடிந்து, "வாங்கிக்கொண்டு இரசீது எழுதிக் கொடுங்கள், அதுதான் முறை" என்றார்.

சில நாட்களில் நியமன அலுவலரிடமிருந்து மேம்பாட்டு அறிவிப்பு வந்தது. என்ன குறை, எந்த விதிக்கு மாறு, என்ன செய்யவேண்டும், எத்தனை நாட்களுக்குள் செய்யவேண்டும் என்று அதில் விளக்கமாக எழுதியிருந்தது. இத்தகைய அறிவிப்புக்குப் பதினான்கு நாட்களுக்குக் குறையாத தவணை தரவேண்டும் என்று சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்லுகிறது. நாங்கள் மரப்பலகைகள் வாங்கி மூட்டைகளைத் தரையினின்றும் உயர்த்தினோம். சுவரினின்றும் ஒரு சாண் தள்ளி வைத்தோம். எலி வளைகளைச் சிமெண்டால் அடைத்தோம். பினாயிலும் பூச்சி உருண்டையும் வேறு மூலைக்குப் போயின. எண்ணெய்த் தகரம் போயிற்று. சில்லறையில் சமையல் எண்ணெயை மூடி முத்திரையிட்ட கொள்கலத்திலேயே விற்கவேண்டும். அரைத்த மசாலைப் பொடிகளைப் பொட்டலமாகவே விற்கவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருந்தன. மாநில அரசு விலக்கு அளித்த எண்ணெய்க்கு மட்டுமே முன்னதிலிருந்து விடுதலை உண்டு. டில்லியில் மாண்டவர்களை நினைத்தால் அந்த விதியின் பொருள் விளங்கும். இவற்றுக்கெல்லாம் எங்களுக்கு ஆன செலவு அதிகமில்லை. எங்களை வருத்தியவை வேறு இரண்டு.

முதலாவது, துவரம்பருப்பு. பகுப்பாய்வு அறிக்கை வந்தபோது, பருப்புக்கு அனுமதிக்கப்படாத மஞ்சள் சாயம் ஏற்றியிருப்பதாக அதில் கண்டிருந்தது. எங்களுக்குத் தலை சுற்றிற்று. அந்தப் பருப்பைத்தான் எங்கள் வீட்டிலும் சமைத்தோம்; எங்கள் குழந்தைகளும் அதைத்தான் உண்டார்கள். வாங்கிய இடம் மொத்த வியாபாரச் சந்தை. தற்செயலாக அந்த மூட்டைக்குரிய விற்பனைச் சீட்டை ஆணியில் குத்தி வைத்திருந்தோம். அந்தச் சீட்டு எங்களைக் காத்தது. பொருளை விற்கும் உணவு வியாபாரி, வாங்கும் கடைக்காரருக்கு அதன் தரத்துக்கு எழுத்து மூலம் உறுதி தரவேண்டும் என்பது 26-ஆம் பிரிவு; அவர் கொடுக்கும் சீட்டே அவ்வுறுதியாகக் கொள்ளப்படும். சாயம் ஏற்றியது நாங்கள் அல்லோம் என்பதைக் காட்ட எங்களிடம் அந்த ஒரு துண்டுக் காகிதமே இருந்தது. விசாரணை அதைப் பற்றிக்கொண்டு மேலே சென்றது. சீட்டு இருந்தால் எக்குற்றமும் தீண்டாது என்று எண்ணிவிடவும் கூடாது. வாங்கிய பொருளை நாமே ஈரத்தில் போட்டுப் பூசணம் பிடிக்க வைத்தாலும், காலங்கடந்து விற்றாலும், சீட்டு நமக்குத் துணை வராது.

இரண்டாவது, ஆச்சியின் அப்பளம். இதற்குச் சீட்டு இல்லை, பெயர் இல்லை, விலாசம் இல்லை. பொருளை யாரிடமிருந்து பெற்றார் என்று காட்டமுடியாத விற்பனையாளர், அப்பொருளுக்குத் தாமே பொறுப்பாளி என்று 27-ஆம் பிரிவு கூறுகிறது. பருப்பில் நேர்ந்தது அப்பளத்தில் நேர்ந்திருந்தால் எங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் ஆச்சியிடம் போய், "இனி உங்கள் அப்பளம் வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் பிறந்தவர். கணவரை இழந்தபின், தாராவியில் ஒற்றை அறையில், உளுந்த மாவையும் அப்பளக்காரத்தையும் உப்பையும் பெருங்காயத்தையும் கொண்டு இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். மாதந்தோறும் எங்கள் கடை கொடுக்கும் தொகையே அவருடைய வீட்டு வாடகை.

நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "ஏன் தம்பி, என் கைச் சுத்தத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதா?" என்றார். இல்லை என்றோம். "பின்னே, அந்த ஆபீசர் சொன்னால் பத்து வருஷப் பழக்கம் இல்லாமல் போய்விடுமா?" என்றார். ஒரு மாதம் அப்பளம் வரவில்லை. ஆணியில் அப்பளக் கட்டுகள் தொங்கிய இடம் வெறுமையாயிருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். நாங்கள் என்ன சொல்வது?

முடிவில் எங்கள் வீட்டுப் பெண்கள்தாம் வழி கண்டார்கள். அவர்கள் ஆச்சியின் வீட்டுக்குப் போய், "நாங்கள் உங்களை நம்புகிறோம். எங்களைப் பார்த்து வாங்குகிறவர்களும் உங்களை நம்பட்டும். அதற்கு உங்கள் பெயர் வெளியே தெரியவேண்டாமா?" என்று கேட்டார்கள். தம் பெயர் அச்சில் வரும் என்ற எண்ணம் ஆச்சிக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வீட்டிலிருந்து உணவு செய்து விற்பவரும் சிறு வியாபாரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் தமையனார் மகள் அவருக்கு விண்ணப்பம் எழுதினாள். அப்பளம் காயப்போடும் இடத்துக்குக் கொசுவலைத் துணியால் பந்தல் கட்டினார்கள். சேர்பொருள்கள், எடை, செய்த தேதி, எந்த நாளுக்குள் பயன்படுத்தவேண்டும் என்பது, விலை, சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி, பதிவு எண், இவற்றோடு ஆச்சியின் பெயரும் விலாசமும் அடங்கிய சீட்டை அச்சிட்டு ஒவ்வொரு கட்டிலும் ஒட்டினோம். அச்சுக்கூலியால் கட்டுக்குச் சிறிது விலை ஏறிற்று. அதைச் சொல்லிச் சில வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததும் உண்மை. ஆனால் அந்தச் சீட்டின் பலனாக, இதுவரை தமிழர் மட்டுமே வாங்கிய அப்பளத்தைக் குஜராத்திக் குடும்பத்தாரும் மராத்தியரும் எடுத்துப் படித்துப் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். ஆச்சியை அவர்களுக்குத் தெரியாது. சீட்டை அவர்களால் படிக்க முடியும்.

நேயர்களே, எங்கள் அனுபவத்தில் நாங்கள் கண்ட உண்மை இதுவே. வெளி மாநிலத்தில் நம்மவரின் வியாபாரம் 'நம்ம ஊர்க்காரர்' என்ற நம்பிக்கையின் மேல் எழும்பியது. அது நல்ல அஸ்திவாரம். ஆயினும் அது முகம் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படுவது. ஊரிலிருந்து பேருந்தில் ஏற்றி அனுப்பிய மிளகாய்ப்பொடி மூட்டைக்கும், பழகிய தரகர் கொடுத்த பருப்புக்கும் அந்த நம்பிக்கையே சாட்சி என்று நாம் இருந்துவிடுகிறோம். கெடுதல் நேர்ந்தால் உண்டவருக்கும் அந்தச் சாட்சி உதவாது, விற்றவருக்கும் உதவாது. முகம் தெரியாதவரும் சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் நம் நாணயத்தை எழுதி வைப்பதே பதிவும் சீட்டும் முத்திரையும். எங்கள் தந்தையார் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு விடாமல் எழுதினார். கடன் கொடுத்தவரிடம் அவருக்குச் சந்தேகம் இருந்ததனால் அன்று; சந்தேகத்துக்கு இடமே வரக்கூடாது என்பதனால். பொருளுக்கும் அவ்வாறு ஒரு கணக்கு வேண்டும்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. கடையில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள். சீட்டுக் கேட்டு வாங்குங்கள். "நம்மவரிடம் போய்ச் சீட்டுக் கேட்பதா" என்று கூச வேண்டாம். நீங்கள் சீட்டுக் கேட்டால்தான் நாங்கள் மொத்த வியாபாரியிடம் சீட்டுக் கேட்போம். பருப்பு அளவுக்கு மீறி மஞ்சளாய் மின்னினால்தான் நல்லது என்று எண்ணாதீர்கள். அந்த மினுக்கை நீங்கள் விரும்புவதனாலேயே சாயம் ஏற்றுகிறவனுக்கு ஆதாயம் கிடைக்கிறது. அச்சிட்ட சீட்டினால் சிறு விலை கூடும்போது, அது எதற்காகக் கூடிற்று என்பதையும் எண்ணிப் பார்க்கக் கோருகிறோம்.

சகோதரக் கடைக்காரர்களுக்கும் எங்கள் விண்ணப்பம் சில உண்டு. வாங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள். காலங்கடந்ததைத் தனியே ஒதுக்கி, 'விற்பனைக்கு அன்று' என்று எழுதி வையுங்கள். அலுவலர் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், கேட்பது அவமரியாதையன்று. போலி அலுவலர் அந்தக் கேள்வியிலேயே நழுவிவிடுவார். உண்மையான அலுவலரிடம் அவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, விளங்கியபின் கையெழுத்திடுங்கள். மராத்தியோ வங்காளியோ இந்தியோ உங்களுக்கு விளங்காவிட்டால், விளங்கிய ஒருவரை அருகே அழைத்துக்கொள்ளுங்கள். விளங்காத காகிதத்தில் வைத்த கையெழுத்து, பின்னால் பெருந்தொல்லையாக முடியும்.

அந்த அலுவலர் மறுபடியும் ஒருமுறை வந்தார். மூட்டைகளின் அடியில் குனிந்து பார்த்தார். அப்பளக் கட்டை எடுத்துச் சீட்டைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது ஒரு கட்டு அப்பளத்துக்கு விலை கேட்டு, பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார். இம்முறை அவர் சொல்லாமலே நாங்கள் சீட்டு எழுதிக் கொடுத்தோம்.